ஒவ்வாமைக்கு அனுமதி கொடுப்பது யார்?

“பத்து வருஷமா இதே கம்மலைத்தான் போட்டுட்டிருந்தேன் டாக்டர், ஒண்ணுமே ஆகல. இப்ப மட்டும் ஏன் இப்படி?”

தோல் மருத்துவர்களுக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கேள்வி இது. காது மடல் சிவந்து, அரித்து, நீர் கோத்து, திருகாணியைச் சுற்றிப் பொருக்குத் தட்டியிருக்கும். காரணம் பெரும்பாலும் நிக்கல். பல கவரிங் நகைகளில் தங்கப் பூச்சுக்கு அடியில் அது இருக்கும். பூச்சு தேய்ந்ததும் வியர்வையில் கரைந்து வெளியே வரும். ஜீன்ஸ் பொத்தான் தொப்புளுக்குக் கீழே போடும் கறுத்த வட்டமும், வாட்சின் பின்மூடி மணிக்கட்டில் உண்டாக்கும் தடிப்பும் இதே வகைதான். ஸ்டிக்கர் பொட்டின் பசைக்கும் தலைச்சாயத்துக்கும்கூட இப்படி ஆவதுண்டு, அங்கே நிக்கலுக்குப் பதில் வேறொரு வேதிப்பொருள்.

கேள்வி நியாயமானது. ஒத்துக்கொள்ளாத பொருள் என்றால் முதல் நாளே அல்லவா ஒத்துக்கொள்ளாமல் போயிருக்க வேண்டும்? ஆனால் ஒவ்வாமை பிறவியிலேயே முழுசாக வந்துவிடுவதில்லை. அது உடம்பு படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயம். படிப்பது டி செல் என்ற வெள்ளணு. பாடம் நடக்கும் இடம் காது மடல்கூட இல்லை, கழுத்தில் இருக்கும் நிணநீர்க் கணு. தொண்டைப் புண் வந்தால் தாடைக்குக் கீழே ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோமே, அந்த மாதிரிக் கணுதான்.

அலர்ஜி என்றதும் நமக்கு நினைவு வருவது தும்மல், தடிப்பு, ஒரு செட்ரிசின் மாத்திரை. ஐஜிஇ என்ற எழுத்துகளை ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்தவர்களும் இருப்பீர்கள். இவையெல்லாம் கடைசியில் நடப்பவை. முதலில் என்ன நடக்கிறது என்று புரிய, இரண்டு பழைய சோதனைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

1921இல் வெளியானது முதலாவது. ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற ஜெர்மன் மருத்துவருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தத்தின் தெளிநீரில் கொஞ்சம் எடுத்து, மீன் நன்றாகவே ஒத்துக்கொள்ளும் கார்ல் பிராஸ்னிட்ஸ் தன் தோலில் ஊசியாகப் போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் சில நிமிடங்களில் தடித்துவிட்டது. ஆக, ஒவ்வாமை தெளிநீரோடு சேர்ந்து இன்னொருவருக்குப் போகும். அந்த நீரில் இருந்தது ஐஜிஇ என்ற ஆன்டிபாடி. அமெரிக்காவின் டென்வரில் இஷிஸாகா தம்பதியும், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் இருவரும் 1966, 67இல் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது சோதனை 1942, நியூயார்க். ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே கார்ல் லேண்ட்ஸ்டைனர், மெரில் சேஸ் என்பவரோடு சேர்ந்து கினிப்பன்றிகளின் தோலுக்கு ஒரு வேதிப்பொருளை ஒவ்வாததாக ஆக்கினார். அவற்றின் தெளிநீரை வேறு கினிப்பன்றிகளுக்கு மாற்றினால் ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளணுக்களை மாற்றியபோது ஒவ்வாமையும் கூடவே போனது.

பாடப்புத்தகம் இவ்விரண்டையும் வெவ்வேறு வகை என்று பிரிக்கும். ஜெல், கூம்ஸ் இருவரும் 1963இல் போட்ட நான்கு வகைப் பட்டியலில் மீன் முதல் வகை, கம்மல் நான்காம் வகை. முதலாவது நிமிடங்களில் வந்துவிடும், நான்காவதற்கு இரண்டு நாள்வரை ஆகும். பிரிவு சரிதான். ஆனால் அதைப் படிப்பவர்கள் ஒன்றைத் தவறவிட்டுவிடுகிறார்கள். ஐஜிஇ தயாரிக்கும் பி செல் என்ற இன்னொரு வெள்ளணு தன்னிச்சையாக அந்த வேலையைத் தொடங்குவதில்லை. ஒரு டி செல் வந்து உத்தரவு கொடுக்க வேண்டும். மீனோ கம்மலோ, பிள்ளையார் சுழி போடுவது டி செல்தான்.

சரி, எதற்குச் சுழி போடுவது என்று டி செல்லுக்கு எப்படித் தெரியும்?

செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் ஏற்பிகள் என்ற புரதங்கள் குத்திட்டு நிற்கின்றன. வெளிமுனை எதையாவது பிடித்தால், உள்முனை வழியாகச் செல்லுக்குள் செய்தி போகும். டி செல்லுக்கே உரிய ஏற்பியை டிசிஆர் என்பார்கள். ஒரு டி செல்லின் மேல் ஒரே அச்சில் வார்த்த டிசிஆர்கள் பல்லாயிரம் இருக்கும். பக்கத்து டி செல்லின் அச்சு வேறு. இந்த ஏற்பியின் மரபணு கைக்குக் கிடைத்தது 1984இல்: எலியில் மார்க் டேவிஸ் குழுவுக்கு, மனிதரில் டொராண்டோவின் டாக் மாக் குழுவுக்கு.

டிசிஆருக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. முழுப் புரதம் எதிரே வந்து நின்றாலும் அதற்குக் கண் தெரியாது. வேறொரு செல் அந்தப் புரதத்தை விழுங்கி, நறுக்கி, ஒரு துணுக்கை எச்எல்ஏ என்ற தட்டில் வைத்து நீட்ட வேண்டும். தட்டும் துணுக்கும் சேர்ந்த வடிவம்தான் அதன் கண்ணில் படும். வைரஸ் தொற்றில் இப்படித்தான் நடக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் சிங்கர்நாகல், டோஹர்டி இருவரும் 1974இல் காட்டினார்கள், 1996இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். தட்டை நீட்டுவதில் கைதேர்ந்தது கிளை கிளையாகக் கை விரித்திருக்கும் டென்ட்ரைட்டிக் செல். அதை 1973இல் அடையாளம் கண்ட ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் அறிவித்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பரிசுக் குழுவுக்கு அது தெரியாது. இறந்தவருக்குக் கொடுப்பதில்லை என்ற விதியை மீறியதாக ஆகாது என்று முடிவு செய்து பரிசை அப்படியே விட்டுவிட்டார்கள்.

டிசிஆர் தன் துணுக்கைப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் உள்முனை மிகக் குட்டை, தானாக எதையும் உள்ளே சொல்ல முடியாது. ஒட்டி நிற்கும் சிடி3 புரதங்கள்தான் அதற்கு வாய். சிடி4 என்ற இன்னொரு ஏற்பி தட்டைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, தன் உள்முனையோடு ஒட்டியிருக்கும் எல்சிகே என்ற நொதியைச் சிடி3 பக்கம் கொண்டு வருகிறது. அங்கே தொடங்குவது ஒரு நொதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றி, கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்பி, கடைசியில் உட்கருவில் மரபணுக்களை விழிக்க வைக்கிறது. தோல் வறண்டு அரிக்கும் எக்ஸிமாவுக்கு உங்களுக்கோ வீட்டுக் குழந்தைக்கோ டாக்ரோலிமஸ் களிம்பு எழுதிக் கொடுத்திருந்தால், அது போய் அறுப்பது இந்தச் சங்கிலியின் கால்சிநியூரின் கண்ணியைத்தான்.

இதோடு கதை முடிந்திருந்தால் நாம் யாரும் உயிரோடு இருக்க மாட்டோம். தினமும் சாப்பிடும் சோறு, சுவாசிக்கும் தூசி, நம் சொந்தச் செல்களின் குப்பை எல்லாம் துணுக்குகளாகத் தட்டில் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் எதையாவது பிடிக்கும் டிசிஆர் எங்காவது ஒரு டி செல்லில் இருக்கத்தான் செய்யும். பிடித்த ஒவ்வொன்றும் போருக்குக் கிளம்பினால்?

வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாவியை மட்டும் போட்டால் திறக்காது, வங்கிக்காரர் தன் சாவியையும் போட வேண்டும். டிசிஆர் முதல் சாவி. இரண்டாவது சாவித் துவாரம் டி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி28 என்ற ஏற்பி. அதற்குள் நுழையும் சாவிகள் டென்ட்ரைட்டிக் செல்லின் மேல் முளைக்கும் சிடி80, சிடி86 என்ற புரதங்கள். லாக்கரில் ஒரு சாவி மட்டும் போட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது, திரும்பி வந்துவிடலாம். டி செல் அப்படி இல்லை. 1987இல் மார்க் ஜென்கின்ஸ், ரொனால்ட் ஷ்வார்ட்ஸ் இருவரும் துணுக்கை மட்டும் காட்டி இரண்டாவது சாவியைக் காட்டாத செல்களோடு டி செல்களைச் சேர்த்து வைத்தார்கள். டி செல்கள் அப்போது சும்மா இருந்தது மட்டுமல்ல, பிறகு இரண்டு சாவியும் உள்ள நல்ல செல்களைக் கொடுத்தபோதும் அசையவில்லை. மரத்துப்போய்விட்டன. இந்த மரத்துப்போதல்தான் நமக்குச் சோற்றோடும் தூசியோடும் சமாதானம் வாங்கித் தருகிற வழிகளில் ஒன்று.

ஆக, டி செல் எதைப் பார்க்கிறது என்பதைவிட, பார்க்கும் நேரத்தில் இரண்டாவது சாவி யார் கையில் இருக்கிறது என்பது பெரிய கேள்வி. ஒவ்வாமையைப் பற்றிப் பேசும்போது பலரும் முதல் சாவியிலேயே நின்றுவிடுகிறார்கள். ‘அவருக்கு மகரந்தம் ஆகாது, இவருக்கு இறால் ஆகாது’ என்ற பட்டியல் முழுக்க முதல் சாவியைப் பற்றியது. ஒரே வீட்டில் ஒரே தூசியில் புழங்கும் அண்ணனுக்கு வீசிங், தம்பிக்கு ஒன்றுமில்லை என்பதற்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை.

டென்ட்ரைட்டிக் செல் சும்மா இருக்கும்போது சிடி80, 86 அதன் மேல் கொஞ்சம்தான் இருக்கும். ஆபத்து என்று தெரிந்தால்தான் ஏராளமாக முளைக்கும். ஆபத்து என்று சொல்வது யார்? கிருமிகளுக்கே உரிய மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகள் அதற்கென்று இருக்க வேண்டும் என்று சார்ல்ஸ் ஜேன்வே 1989இலேயே ஊகித்தார். 1997இல் அவரும் ருஸ்லான் மெட்ஸிடோவும் மனிதரில் அப்படி ஒன்றைக் காட்டினார்கள், பிறகு அதற்கு டிஎல்ஆர்4 என்று பெயர் வந்தது. பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள கொழுப்புப் பொருளை உணர்வது அதன் வேலை. கிருமி வந்தால் மணி அடிக்கும், மணி அடித்தால் இரண்டாவது சாவி வரும். அழகான ஏற்பாடு. ஆனால் நிக்கல் கிருமி இல்லையே, தூசியும் மகரந்தமும் கிருமி இல்லையே. அவற்றுக்கு மணி அடித்தது யார்?

நிக்கலுக்கான விடை 2010இல் ஜெர்மன் ஆய்வாளர்களிடமிருந்து வந்தது, இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு அது. நிக்கல் அயனி நேராகவே டிஎல்ஆர்4இல் போய் ஒட்டிக்கொள்கிறது. மனித டிஎல்ஆர்4இல் 456, 458ஆம் இடங்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அருகருகே இருக்கிறது. ஹிஸ்டிடினுக்கு நிக்கலைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு, ஆய்வகங்களில் புரதத்தைப் பிரித்தெடுக்கவே அதைப் பயன்படுத்துவார்கள். இரண்டு ஏற்பிகளின் ஹிஸ்டிடின்களை நிக்கல் கோத்துக்கொள்ள, பாக்டீரியா வந்ததாக நினைத்து மணி அடிக்கிறது. எலியின் டிஎல்ஆர்4இல் அந்த ஹிஸ்டிடின்கள் இல்லை. எலிக்கு நிக்கல் ஒவ்வாமையை உண்டாக்க ஆய்வாளர்கள் பல வருஷம் பட்ட பாட்டுக்குக் காரணம் இதுதான், பாக்டீரியாப் பொருளையும் சேர்த்து ஊசி போட்டால்தான் நடந்தது. மனித டிஎல்ஆர்4ஐ எலிக்குள் வைத்தபோது வெறும் நிக்கலே போதுமாயிற்று.

அதாவது நிக்கல் இரண்டு வேலையும் தானே பார்த்துக்கொள்கிறது. நம் புரதத்தோடு ஒட்டி, தட்டில் ஏறி, டிசிஆர் முன்னால் அந்நியனாக நிற்கிறது. டிஎல்ஆர்4இல் ஒட்டி மணியும் அடிக்கிறது. பத்து வருஷம் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. பூச்சு நன்றாக இருந்தவரை கசிவு கொஞ்சம், மணி அடிக்குமளவு சேரவில்லை. பூச்சு தேய்ந்து, வெயில் காலத்தில் வியர்த்து, திருகாணி உரசித் தோலும் புண்ணான ஒரு நாளில் எல்லாம் ஒன்றுகூடியிருக்கும்.

தானாக ஒவ்வாமையைத் தூண்டும் அளவு பெரிதில்லாத இந்தச் சின்ன மூலக்கூறுகள் நம் புரதத்தின் மேல் ஏறிச் சவாரி செய்துதான் டிசிஆர் கண்ணில் படுகின்றன. சாலையோரமெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியச் செடியின் பார்த்தீனின் என்ற வேதிப்பொருளும் அப்படித்தான். 1950களின் நடுவில் பூனே பக்கம் கவனத்துக்கு வந்த அந்தச் செடி, முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கறுத்துப்போன விவசாயிகளை நாடு முழுக்க உண்டாக்கியிருக்கிறது. அதுவும் டி செல் செய்யும் வேலையே.

தூசிக்கு வருவோம். டஸ்ட் அலர்ஜி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மண்ணுக்கு இல்லை, மெத்தையிலும் தலையணையிலும் வாழ்ந்து நம் தோல் செதிலைத் தின்னும் தூசிச் சிற்றுண்ணியின் எச்சத்துக்கு. நெதர்லாந்தின் லைடனில் ஃபோர்ஹோர்ஸ்ட் குழு 1960களில் இதைத் தெளிவாக்கியது. அந்த எச்சத்தில் டெர் பி 1 என்ற புரதம் இருக்கிறது. அது உண்ணியின் செரிமான நொதி, பப்பாளிக் காயின் பாலில் இருக்கும் பப்பெயினுக்கு உறவு. கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக் காய் போடுவோமே, அந்தக் கறியின் புரதத்தை அறுக்கும் அதே திறமை இதற்கும் உண்டு. மூச்சுக்குழாயின் உட்சுவரில் செல்களை ஒன்றோடொன்று தைத்திருக்கும் புரதத் தையலை டெர் பி 1 பிரித்துவிடுகிறது. (பப்பெயின் தூளோடு வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவதும், எலிக்குப் பப்பெயின் கொடுத்தே ஒவ்வாமையை ஆராய்வதும் இதனால்தான்.) அதே எச்சத்தின் டெர் பி 2 வேறொரு தந்திரம் வைத்திருக்கிறது. டிஎல்ஆர்4 தன் வேலையைச் செய்ய எம்டி-2 என்ற துணைப் புரதம் வேண்டும். டெர் பி 2 பார்க்க அந்தத் துணை மாதிரியே இருக்கும், அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மணியை இன்னும் எளிதாக அடிக்க வைக்கும். இது 2009இல் தெரியவந்தது.

அதே ஆண்டு பெல்ஜியத்தின் ஹமாத், லாம்ப்ரெக்ட் குழு எலிகளில் பார்த்தது இன்னும் சுவையானது. உண்ணித் தூசிக்கு ஆஸ்துமா வர டிஎல்ஆர்4 இருக்க வேண்டிய இடம் டென்ட்ரைட்டிக் செல்லே அல்ல, மூச்சுக்குழாய்ச் சுவரின் சாதாரணச் செல்கள். அதாவது முதல் புகார் வீட்டுச் சுவரிலிருந்து போகிறது. சுவர்ச் செல்கள் காயம் பட்டாலோ மணி அடித்தாலோ டிஎஸ்எல்பி, ஐஎல்-33 போன்ற தூதுப் பொருள்களை விடுகின்றன. டென்ட்ரைட்டிக் செல்லின் மேல் டிஎஸ்எல்பிக்கென்று ஏற்பி இருக்கிறது. அந்த ஏற்பி நிரம்பியதும் டென்ட்ரைட்டிக் செல் நிணநீர்க் கணுவுக்குப் புறப்படுகிறது, சிடி80, 86 இரண்டோடு ஓஎக்ஸ்40எல் என்ற இன்னொரு சாவியையும் கையில் எடுத்துக்கொண்டு.

இந்த மூன்றாவது சாவி எதற்கு? முதல் இரண்டும் டி செல்லை எழுப்பும். எழுந்தவன் என்ன தொழிலுக்குப் போவது என்று அவை சொல்வதில்லை. டிம் மோஸ்மன், ராபர்ட் காஃப்மன் 1986இல் டி செல்களை அவை சுரக்கும் பொருள்களை வைத்து இரண்டு சாதியாகப் பிரித்தார்கள். முதலாவது செல்லுக்குள் ஒளியும் கிருமிகளுக்கு எதிரானது. டிஎச்2 என்ற இரண்டாவது, குடல் புழு போன்ற பெரிய ஒட்டுண்ணிகளுக்காக ஏற்பட்டது, நம் காலத்தில் ஒவ்வாமைக்கு அடியாளாக மாறிவிட்டது. முதல் சாதிப் பக்கம் தள்ளும் ஐஎல்-12 என்ற தூதுப் பொருள் இல்லாத இடத்தில் ஓஎக்ஸ்40எல் வந்து டி செல்லின் ஓஎக்ஸ்40 ஏற்பியைத் தொட்டால், டி செல் டிஎச்2 பக்கம் சாயும். டிஎஸ்எல்பி பட்ட டென்ட்ரைட்டிக் செல் ஐஎல்-12 சுரப்பதும் இல்லை. அப்புறம் டி செல்லில், ஐஎல்-4 என்ற தூதுப் பொருளைப் பிடிக்கும் ஏற்பி வேலையைத் தொடங்கும். அது ஸ்டாட்6 என்ற புரதத்தையும், ஸ்டாட்6 காட்டா3 என்ற தலைமை மரபணு விசையையும் தட்டிவிட, டி செல் மனம் மாறாத டிஎச்2 ஆகிவிடும். இதில் ஒரு முடிச்சு: டென்ட்ரைட்டிக் செல் ஐஎல்-4 சுரக்காது. முதல் சொட்டு எங்கிருந்து வருகிறது என்பதில் ஆய்வாளர்கள் ரொம்ப நாள் சண்டை போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு வியப்பு. டிசிஆரில் கிடைக்கும் செய்தி பலமாக இருந்தால் டி செல் முதல் சாதிப் பக்கமும், மிகப் பலவீனமாக இருந்தால் டிஎச்2 பக்கமும் போகும் போக்கு 1995இல் சோதனைகளில் தெரிந்தது. அதாவது உரக்கக் கத்துபவனைவிட, மெல்ல மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருப்பவன்தான் ஒவ்வாமையைத் தூண்டுகிறான். நாம் ஒரு வருஷத்தில் சுவாசிக்கும் மகரந்தப் புரதத்தின் மொத்த எடையே மிகச் சொற்பம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பாடம் முடித்த டிஎச்2 செல்லின் மேற்பரப்பில் இப்போது ஒரு புது உறுப்பு முளைக்கிறது, சிடி40எல். இதுவரை சாவி வாங்கிக்கொண்டிருந்தது இப்போது சாவி கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. பி செல்லின் சிடி40ஐ அது தொட்டு, கூடவே ஐஎல்-4ஐயும் ஊட்டினால்தான் பி செல் ஐஜிஇ தயாரிப்புக்கு மாறும். சிடி40எல் மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்கு ஆன்டிபாடி வகையை மாற்றவே முடியாது என்பது 1993இல் தெரிந்தபோது இந்தத் தொடுகை எவ்வளவு முக்கியம் என்பது சந்தேகமில்லாமல் விளங்கியது. சுரந்த ஐஜிஇ, தும்மலும் அரிப்பும் தரும் ஹிஸ்டமினைக் கொட்டும் மாஸ்ட் செல்லில் போய் உட்காருவது எல்லோரும் சொல்வது. மனிதரில் அது டென்ட்ரைட்டிக் செல்லின் மேலும் உட்காரும். அதற்கான ஏற்பி அங்கேயும் உண்டு. அப்படி உட்கார்ந்தால் காற்றில் வரும் அணுவளவு உண்ணிப் புரதத்தையும் அந்த டென்ட்ரைட்டிக் செல் வலை வீசிப் பிடித்து, நறுக்கி, அடுத்த டி செல்லுக்கு நீட்டிவிடும். ஒவ்வாமை வருஷத்துக்கு வருஷம் முற்றுவதில் இந்தச் சுழற்சிக்கும் பங்கு இருக்கிறது.

எந்த வாசல் வழியாக வந்தது என்பதும் இங்கே வேலை செய்கிறது. தோல் வெடித்த எக்ஸிமாக் குழந்தையின் மேல் வேர்க்கடலைத் தூள் படும்போது அங்கே டிஎஸ்எல்பி நிறைய இருக்கும். அதே வேர்க்கடலை வாய் வழியாகப் போனால் குடலில் டி செல்லைச் சமாதானப்படுத்தும் ஏற்பாடுகள் காத்திருக்கும். 2015இல் வெளியான லண்டன் ஆய்வில் 4 முதல் 11 மாத வயதுள்ள, கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளில் ஒரு பாதிக்கு வேர்க்கடலை உணவு கொடுத்தார்கள், மறுபாதிக்கு அதை விலக்கினார்கள். ஐந்து வயதில் பார்த்தால் விலக்கியவர்களில் 17 சதவீதத்துக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3 சதவீதத்துக்கு. முதல் சாவி இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றேதான். ‘ஆகாது என்று பயந்து கொடுக்காதே’ என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த மருத்துவ அறிவுரை தலைகீழாகிவிட்டது. (எக்ஸிமா முற்றிய குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள், அந்த ஆய்விலும் தோல் சோதனை செய்த பிறகுதான் கொடுத்தார்கள்.)

டி செல்லின் மேல் முடுக்கிகள் மட்டுமல்ல, பிரேக்குகளும் உண்டு. சிடிஎல்ஏ-4 பார்க்கச் சிடி28இன் தம்பி மாதிரி. அதே சிடி80, 86ஐ அண்ணனைவிட இறுக்கமாகப் பிடித்து, சாவியை அவனுக்குக் கிடைக்காமல் செய்துவிடும். இந்தப் பிரேக் இல்லாமல் பிறக்கவைத்த எலிகள் சில வாரங்களில் கட்டுக்கடங்காத டி செல்களால் செத்துப்போகின்றன. சிடிஎல்ஏ-4ஐ எப்போதும் தூக்கிக்கொண்டு திரிவது ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற தனிக் கூட்டம். அவற்றின் ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதான குழந்தைகளுக்குக் கைக்குழந்தையிலேயே கடும் எக்ஸிமா, எகிறிய ஐஜிஇ, உணவு ஒவ்வாமை எல்லாம் வரும். அந்தக் கண்டுபிடிப்புகளுக்குத்தான் 2025இல் பிரன்கோ, ராம்ஸ்டெல், சாகாகுச்சி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பிரேக்கை இயற்கையிலேயே பார்க்க வேண்டுமானால் தேனீ வளர்ப்பவர்களைப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பருவம் தொடங்கும் முன்னும், கொட்டு வாங்கத் தொடங்கிய பிறகும் அவர்கள் ரத்தத்தைச் சோதித்தார்கள். கொட்டு வாங்கிய சில நாள்களிலேயே தேனீ நஞ்சை அடையாளம் காணும் டி செல்கள் ஐஎல்-10 என்ற அமைதிப்படுத்தும் தூதுப் பொருளைச் சுரக்கும் சமாதானக்காரர்களாக மாறிவிட்டன. அந்த மாற்றத்தில் சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற இன்னொரு பிரேக், அதோடு ஹிஸ்டமினின் இரண்டாவது ஏற்பி ஆகிய மூன்றும் பங்கெடுத்தன. நமக்குத் தும்மலும் அரிப்பும் தரும் அதே ஹிஸ்டமின், டி செல்லின் மேலிருக்கும் வேறோர் ஏற்பி வழியாக அமைதி சொல்கிறது. அலர்ஜி ஊசியும் நாக்கடிச் சொட்டு மருந்தும் முயல்வது தேனீக்காரர்களுக்குத் தானாக நடக்கும் இதைத்தான்.

இவ்வளவு தெரிந்த பிறகு, இரண்டாவது சாவியை அடைத்துவிட்டால் ஒவ்வாமை தீர்ந்துவிடாதா என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றியது. சிடிஎல்ஏ-4இன் வெளிமுனையை வெட்டிச் செய்த அபாடசெப்ட் மூட்டுவாதத்துக்கு நல்ல மருந்து. அதை லேசான ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்களிடம் சோதித்து 2013இல் வெளியிட்டபோது பலன் ஒன்றும் தெரியவில்லை. ஓஎக்ஸ்40எல்லை அடைத்த ஒரு மருந்தும் 2014இல் அதே போல மூச்சுக்குழாயின் எதிர்வினையைக் குறைக்காமல் போனது. நான் படித்தவரை இதற்குப் பொருத்தமான விளக்கம், நோயாளி நம்மிடம் வரும்போது பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பது. ஒருமுறை தேறிய நினைவு டி செல்லுக்குச் சிடி28 அவ்வளவாக வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டினால் படித்து முடித்து வேலைக்குப் போனவன் திரும்பி வரப்போவதில்லை.

சிடி28ஐ அடைப்பது இப்படி வீணானது என்றால், அதைத் தூண்டியது விபரீதமானது. 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் செலுத்தினார்கள். ரத்தப் புற்றுக்கும் மூட்டுவாதத்துக்கும் என்று உருவாக்கியது அது, முதல் சாவி இல்லாமலே சிடி28ஐத் தட்டி எழுப்பும். குரங்குகள் தாங்கிய அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள், பல உறுப்புகள் செயலிழந்தன. அனைவரும் பிழைத்தது பெரிய விஷயம். சோதித்த குரங்கினத்தின் போர்முனை நினைவு டி செல்களில் சிடி28 இல்லை, மனிதரில் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. நிக்கலுக்கு எலி, இதற்குக் குரங்கு. ஏற்பியில் ஒரு சின்ன வித்தியாசம் விலங்குச் சோதனையை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இரண்டு சாட்சிகள்.

வெற்றி பெற்றவை வேறு கதவுகளைத் தட்டியவை. 2017இல் அமெரிக்காவில் எக்ஸிமாவுக்கு அனுமதி பெற்ற டுப்பிலுமாப், ஐஎல்-4 ஏற்பியின் ஒரு பகுதியை அடைக்கிறது. அந்தப் பகுதி ஐஎல்-4க்கு உறவான ஐஎல்-13 என்ற தூதுப் பொருளுக்கும் பொது. டி செல் பள்ளியில் மட்டுமல்ல, பி செல், தோல், மூச்சுக்குழாய் எல்லாவற்றிலும் அது அன்றாடம் வேலையில் இருக்கிறது, அதனால் பாடம் முடிந்த பிறகும் அதை அடைப்பதில் பலன் உண்டு. சுவரிலிருந்து போகும் முதல் புகாரான டிஎஸ்எல்பியைப் பிடித்து வைக்கும் டெசெபெலுமாப் 2021இன் கடைசியில் கடும் ஆஸ்துமாவுக்கு வந்தது. ஆஸ்துமாவில் தோற்ற ஓஎக்ஸ்40 பாதையும் முடிந்துவிடவில்லை. ஓஎக்ஸ்40 ஏற்பியையே குறிவைக்கும் ரொகாடின்லிமாப், 2023இல் வெளியான எக்ஸிமா சோதனையில் நன்றாக வேலை செய்தது, ஊசியை நிறுத்திய பிறகும் பலருக்குப் பலன் நீடித்தது. இந்த மருந்துகளின் விலை நம் ஊர் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கம்மலுக்குத் திரும்புவோம். நிக்கல் என்று உறுதி செய்யப் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள், 1895இல் யோசெஃப் யாடாசோன் தொடங்கியது. முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடி இரண்டு நாள் கழித்தும் பார்ப்பார்கள். ஊசிமுனையால் குத்தும் சோதனை கால் மணி நேரத்தில் விடை சொல்லும், ஏனென்றால் அங்கே ஐஜிஇ ஏற்கெனவே மாஸ்ட் செல்லில் காத்திருக்கிறது. இங்கே டி செல்கள் செய்தி கேட்டு, ஒன்றுகூடி, பெருகி வர வேண்டும். அவற்றில் சில வந்த இடத்திலேயே தங்கியும்விடும். அதனால்தான் கம்மலைக் கழற்றி ஆறிய காது, பல மாதம் கழித்து ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்டாலும் அதே இடத்தில் முன்பைவிடச் சீக்கிரம் பொங்குகிறது.

டென்மார்க் 1990களின் தொடக்கத்திலேயே நகைகள் கசியவிடும் நிக்கலுக்கு வரம்பு கட்டியது, 1994இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதைப் பின்பற்றியது: தோலில் படும் ஒரு சதுர செ.மீ.க்கு வாரம் 0.5 மைக்ரோகிராம். அந்தச் சட்டத்துக்குப் பிறகு காது குத்திக்கொண்ட டேனிஷ் பெண்பிள்ளைகளுக்கு நிக்கல் ஒவ்வாமை கணிசமாகக் குறைந்தது. டிசிஆரும் சிடி28உம் அவர்களுக்கும் அப்படியேதான் இருந்தன, மணி அடிக்குமளவு நிக்கல் மட்டும் வரவில்லை. காது குத்தும் பச்சைப் புண்ணில் முதன்முதலாக எது ஏறுகிறது என்று பார்க்க இங்கே விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. டைமெத்தில்கிளையாக்சிம் என்ற கரைசலைப் பஞ்சில் நனைத்துக் கம்மல் தண்டின் மேல் அரை நிமிடம் தேய்த்தால் போதும். பஞ்சு இளஞ்சிவப்பாக மாறினால் நிக்கல் கசிகிறது.